கணக்குக்கு டியூஷனா, அபாகஸா, கைபேசியா, வீட்டுத் திண்ணையா?

பள்ளி விட்டுப் பிள்ளைகள் கலைந்த பிறகு கேட் ஓரமாக ஒதுங்கி நிற்கும் அம்மாக்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி. "டீச்சர், கணக்கு நோட்டை எடுத்தாலே இவனுக்கு வயித்த வலிக்குதாம். டியூஷன்ல விடட்டுங்களா? இல்ல, அபாகஸ் சேர்த்துடட்டுங்களா?" பாலக்கோடு பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் கீழ் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நின்ற நிலையில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக இது இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வீடுகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பிள்ளை ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், வளரும் வீடு உண்டு. ஓசூரில் ஷிப்டு வேலை பார்க்கும் வீடு உண்டு. மாடு வைத்துக்கொண்டு, விடிந்தால் பால் சொசைட்டிக்கு ஓடும் வீடு உண்டு. எல்லோருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

## முதலில் பதினாறு புளியங்கொட்டை

எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும் முன், பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று பாருங்கள். காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. பதினாறு புளியங்கொட்டையைத் தரையில் கொட்டி எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் 16 என்று எழுதச் சொல்லுங்கள். எழுதிவிடுவாள். அப்புறம் அந்த 6ஐத் தொட்டு, "இது எத்தனை கொட்டைம்மா, பிரிச்சு வை" என்று கேளுங்கள். ஆறு கொட்டையைப் பிரித்து வைப்பாள். அடுத்து 1ஐத் தொட்டு அதே கேள்வி.

இரண்டாம் வகுப்பில் பல பிள்ளைகள் இந்த இடத்தில் ஒரே ஒரு கொட்டையை எடுத்து வைக்கிறார்கள். நடுவில் ஒன்பது கொட்டை மிச்சமாகக் கிடக்கும். "அப்போ இதெல்லாம் என்ன?" என்று கேட்டால் ஒரு பெண் சொன்னாள்: "அது சும்மா, டீச்சர்." அந்த ஒன்பது கொட்டை அவளுக்குச் சும்மாவாக இருக்கும் வரை, கடன் வாங்கிக் கழிப்பதை எத்தனை முறை எழுத வைத்தாலும் அது அவளுக்கு மந்திரம் மாதிரிதான். புரியாத ஒன்றை தினமும் செய்யச் சொன்னால் யாருக்குத்தான் வயிறு வலிக்காது?

சோதனையைத் தமிழிலேயே செய்யுங்கள், பிள்ளை ஆங்கில வழியில் படித்தாலும் சரி. பதிமூன்று என்ற சொல்லிலேயே பத்தும் மூன்றும் இருக்கிறது. தர்ட்டீன், தர்ட்டி இரண்டும் காதில் ஒன்றுபோல விழுவதால் 13க்கும் 30க்கும் குழம்பும் பிள்ளைகள் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசினால் அந்த மொழியிலேயே எண்ணட்டும். தமிழிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. எண்பத்தொன்பதுக்கு அடுத்து வரும் தொண்ணூறில் பிள்ளையின் காதில் விழுவது நூறுதான், ஒன்பது விழுவதே இல்லை. அங்கே தயங்கினால் அது மந்தம் கிடையாது, சொல்லின் குறும்பு.

சோதனை முடிந்ததும் நான்கில் ஒன்று தெரிந்துவிடும். பத்து என்ற கட்டு புரியவில்லை. புரிகிறது, ஆனால் பயப்படுகிறாள். பயமில்லை, வேகம்தான் இல்லை. அல்லது எல்லாம் சரி, வீட்டில் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயம். பிள்ளை நாளைக்குத் தானாக வந்து உட்காருமா? விடை மட்டும் வருகிறதா, ஏன் அந்த விடை என்பதும் வருகிறதா? வீட்டார் எவ்வளவு நேரம் தர வேண்டும்? சொல்லும் கட்டணம் போக இன்னும் என்னென்ன செலவு? கடைசியாக, அங்கே கற்றது பள்ளி நோட்டில் வந்து நிற்குமா? இதில் முதலாவதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். ஏழு வயதில் கணக்கை வெறுத்துவிட்டால், அதை மீட்க ஏழாம் வகுப்பு வரை போராட வேண்டியிருக்கிறது.

## டியூஷன்

நல்ல டியூஷன் என்பது ஆறேழு பிள்ளைகளுக்கு ஒரு அக்கா, அவள் ஒவ்வொருவர் நோட்டையும் பார்ப்பது. பல இடங்களில் நடப்பது வேறு. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒரே கூடத்தில் இருபத்தைந்து பேர் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை முடிக்கிறார்கள். மறுநாள் நோட்டு சுத்தமாக என் மேசைக்கு வரும். அதே கணக்கில் எண்ணை மட்டும் மாற்றிப் பலகையில் போட்டால் பிள்ளை என் முகத்தைப் பார்க்கும்.

கட்டணம் போக, பிள்ளையின் விளையாட்டு நேரம் முழுவதும் இதற்குப் போகிறது. நாலு மணிக்குப் பள்ளி விட்டு, ஐந்து மணிக்கு டியூஷன் போய், ஏழரைக்குத் திரும்பும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அதன் பிறகு எந்த ஆர்வம் மிஞ்சும்? பேருந்து, ஆட்டோ, இருட்டில் கூட்டிவர ஒரு ஆள், இதையும் கணக்கில் சேருங்கள்.

ஆனாலும் டியூஷன்தான் சரி என்று நான் சொல்லும் வீடுகள் உண்டு. அப்பா அம்மா ஊரில் இல்லை, ஆயாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, பக்கத்தில் உட்கார யாருமில்லை என்றால் அனுப்புங்கள். சேர்க்கும் முன் ஒரு நாள் மாலை போய் வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகள் வாய் திறந்து பேசுகிறார்களா, எழுத மட்டும் செய்கிறார்களா என்று பார்த்தாலே போதும். உங்கள் தெருவில் இல்லம் தேடிக் கல்வி மையம் நடந்தால் முதலில் அங்கே கேளுங்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஊர்த் தன்னார்வலர்களே மாலையில் சொல்லிக்கொடுக்கிறார்கள், கட்டணம் கிடையாது.

## அபாகஸ்

இதைப் பற்றிக் கேட்பவர்கள் வரவர அதிகமாகிவிட்டார்கள். வகுப்புகளில் பெரும்பாலும் கொடுப்பது ஜப்பானிய முறை மணிச்சட்டம். ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணி, அதன் மதிப்பு 5. கீழே நான்கு மணி, ஒவ்வொன்றும் 1. கொஞ்ச நாள் மணியைத் தள்ளிப் பழகியபின், சட்டத்தை மனதில் நினைத்துக் காற்றில் விரலை அசைத்தே பிள்ளை விடை சொல்லும். பார்க்க ஆச்சரியமாக இருக்கும். அந்த ஆச்சரியம் பிள்ளைக்கும் பெருமைதான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பலன் எவ்வளவு? குஜராத்தின் வதோதராவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. மனதால் மணிச்சட்டம் போடப் பழகிய பிள்ளைகள் கூட்டல், கழித்தலில் மற்றவர்களைவிட ஓரளவு முன்னேறினார்கள். நினைவாற்றல், கவனம் போன்ற பொதுத் திறன்களில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. மனதில் படமாக நினைத்து வைத்துக்கொள்ளும் திறன் ஆரம்பத்திலேயே நன்றாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பயன். ஆக "மூளை வளரும், எல்லாப் பாடமும் வரும்" என்று துண்டறிக்கையில் போட்டிருந்தால் அதற்காகக் காசு கட்ட வேண்டாம். கணக்கு வேகம் வரும் என்பதற்காகக் கட்டலாம்.

ஒரு சிக்கலைப் பெற்றோர் கவனிப்பதில்லை. மணிச்சட்டத்தில் இடமிருந்து வலமாகக் கூட்டுவார்கள், பெரிய இடமதிப்பு முதலில் வரும். பள்ளியில் வலமிருந்து இடமாக, ஒன்றுகளில் தொடங்கி எழுதச் சொல்கிறோம். பத்து என்ற கட்டு புரிந்த பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான், சிரித்துக்கொண்டே மாற்றிப் போடும். புரியாத பிள்ளை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அதனால் பதினாறு கொட்டையில் தவறிய பிள்ளையை இப்போது அபாகஸில் சேர்க்காதீர்கள், ஆறு மாதம் போகட்டும்.

மறைந்த செலவும் இதில்தான் அதிகம். படிப்படியாக நிலைகள் போகும், ஒவ்வொரு நிலைக்கும் புத்தகம், தேர்வுக் கட்டணம், அப்புறம் போட்டி. மாதம் 600 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 7,200. போட்டிக்கு வெளியூர் போய்வரும் செலவைச் சேர்த்தால் சின்னச் சம்பளக்காரர் வீட்டில் அது பெரிய தொகை. சேரும் நாளிலேயே மொத்தம் எத்தனை நிலை, பாதியில் நிறுத்தினால் என்ன என்று கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

## கைபேசிச் செயலி

இதில் சுருக்கமாக முடிக்கிறேன். செயலியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போவது ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் பார்ப்பது வேறொன்று. 2015இல் சிகாகோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், தூங்கப் போகும் முன் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து ஒரு கணக்குக் கதையைச் செயலியில் படித்தார்கள். கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான் அதில் நல்ல பலன் தெரிந்தது. வேலை செய்தது அந்தச் சேர்ந்து பேசுதல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தனியாக விட்டால் பிள்ளை நட்சத்திரத்துக்காக நான்கு விடையையும் மாற்றி மாற்றித் தட்டும். டேட்டா தீரும், விளம்பரம் வரும், நடுவில் கார்ட்டூனுக்குத் தாவும். வெளியூரில் இருக்கும் அப்பா மாலையில் வீடியோ காலில் வந்து, "இன்னைக்கு என்ன கணக்கு போட்ட, எனக்குச் சொல்லிக்கொடு பாப்பா" என்று கேட்பதற்குக் கைபேசியைப் பயன்படுத்தினால் அதைவிட நல்ல செயலி இல்லை. பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பாட வீடியோ வரும், அதற்குத் தனிக் கட்டணமில்லை.

## வீடு, திண்ணை, சந்தை

"எனக்கே கணக்கு வராது டீச்சர், நான் எப்படிச் சொல்லித்தருவேன்?" இப்படிச் சொல்லும் அம்மா சொல்வதில் பாதி சரி. கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவினால், பிள்ளை அந்த ஆண்டில் கற்பது குறைகிறது, பயமும் ஒட்டிக்கொள்கிறது என்று 2015இல் வந்த இன்னோர் ஆய்வு சொல்கிறது. ஆகவே வீட்டுப்பாடத்தை விட்டுவிடுங்கள் தாயே, அது எங்கள் வேலை. நீங்கள் பல்லாங்குழி ஆடுங்கள்.

பதினான்கு குழி, குழிக்கு ஐந்து கொட்டை. ஆட உட்காரும் முன் மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். சின்னவள் ஒவ்வொன்றாக எண்ணி எழுபது என்பாள். நாலு நாள் கழித்து இரண்டு குழியைச் சேர்த்துப் பத்து, இருபது என்று போவாள். அன்றைக்குத்தான் அவளுக்குப் பத்து பிறக்கிறது. நாலு சேர்ந்தால் பசு என்று எடுப்பதற்குள், எந்தக் குழியில் இன்னும் எத்தனை விழுந்தால் நாலாகும் என்று கண்ணாலேயே கணக்குப் போட்டிருப்பாள். யாரும் "கூட்டு" என்று சொல்லவில்லை.

பாம்பு ஏணி ஆடினால் ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். 13ஆம் கட்டத்தில் நிற்கும் காய்க்கு நாலு விழுந்தால் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று நகர்த்தாமல், "பதினாலு, பதினஞ்சு, பதினாறு, பதினேழு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்தட்டும். ராபர்ட் சீக்லர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இப்படி எண்ணைச் சொல்லி ஆடிய பிள்ளைகளுக்கு எண்களின் வரிசையும் அளவும் இன்னும் நன்றாகப் பிடிபட்டன. 2008இல் அவரும் கீதா ரமணியும் செய்த ஆய்வில், ஏழைக் குடும்பப் பிள்ளைகள் 1 முதல் 10 வரை கட்டம் போட்ட ஒரு பலகையில் இரண்டு வாரத்தில் நான்கு முறை, முறைக்குக் கால் மணி நேரம் ஆடியதற்கே பலன் தெரிந்தது. எண் இல்லாமல் வண்ணம் மட்டும் பூசிய பலகையில் ஆடியவர்களுக்கு அது இல்லை.

சந்தை இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம். போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்குப் போகிறீர்களா, பிள்ளையிடம் ஐம்பது ரூபாயைக் கொடுத்துக் கீரையும் தக்காளியும் வாங்கச் சொல்லுங்கள். மீதி எவ்வளவு வர வேண்டும் என்று காசு கைக்கு வரும் முன் சொன்னால்தான் அடுத்த கடை.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஆயாவோடு கீரை விற்பவன். பலகையில் 12 × 3 என்று எழுதினேன். 15 என்று போட்டான். பெருக்கலுக்குக் கூட்டல். "சரி, கட்டு பன்னண்டு ரூபாய், மூணு கட்டு குடுத்துட்ட. ஆயாவுக்கு எவ்வளவு வரணும்?" என்றேன். வாயை மூடும் முன் "முப்பத்தாறு" என்றான். பத்துப் பத்தாக முப்பது, அப்புறம் ஆறு என்று விரலில் காட்டினான். பலகையில் இருப்பதும் அதே கணக்குதான் என்றபோது அவன் என்னை நம்பவே இல்லை. இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

இது அவன் ஒருவன் கதை இல்லை. பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் இளநீர் விற்கும் பிள்ளைகள் போன்றோரிடம் செய்து 1985இல் வெளிவந்த ஆய்வில், கடையில் கேட்ட கணக்கில் 98 சதவீதம் சரியாக வந்தது. அதே கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான். கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் செய்த ஆய்வு 2025இல் வந்தது. சந்தைப் பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள், பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். ஒன்று தானாக இன்னொன்றாக மாறுவதில்லை.

வீட்டு வழியின் குறை இதுதான். பாலத்தை நீங்களே போட வேண்டும். சந்தைக்குப் போய்வந்த இரவு, வாங்கியதைப் பிள்ளை நோட்டில் எழுதட்டும்: 50 − 35 = 15. ஐந்து நிமிடம். எழுதவே தெரியாத ஆயாவாக இருந்தாலும், வாய்க்கணக்கைச் சொல்லி அனுப்புங்கள், நான் வகுப்பில் எழுத வைக்கிறேன். நாலாம் வகுப்புக்கு மேல் பால் அட்டையை எடுத்துக்கொள்ளலாம். காலையில் இரண்டரை லிட்டர், மாலையில் இரண்டு, பத்து நாளுக்கு எவ்வளவு? தசமம் அங்கேயே இருக்கிறது.

இதற்குக் காசு வேண்டாம், ஆனால் நேரம் வேண்டும், பொறுமையும் வேண்டும். பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வரும் ஒருவரிடம் போய் "வீட்டிலேயே ஆடுங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வாரம் மூன்று நாள், இருபது நிமிடம் முடிந்தால் போதும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | எந்தச் சிக்கலுக்கு | வீட்டார் நேரம் | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|
| டியூஷன் | பக்கத்தில் உட்கார ஆள் இல்லாதபோது | கூட்டிவரும் நேரம் | விளையாட்டு போகும், பார்த்தெழுதும் பழக்கம் வரலாம் |
| அபாகஸ் | புரிந்த பிள்ளைக்கு வேகம் வேண்டும்போது | தினமும் பயிற்சிக்கு 15 நிமிடம் | நிலைகள், தேர்வு, போட்டி, பயணம் |
| செயலி | கூட உட்கார முடிந்தால், பயத்துக்கு | 10 நிமிடம், சேர்ந்து | டேட்டா, விளம்பரம், தட்டிப் பார்க்கும் பழக்கம் |
| திண்ணையும் சந்தையும் | பத்து புரியாதபோதும், பயத்துக்கும் | வாரம் மூன்று நாள், 20 நிமிடம் | நோட்டில் எழுதிப் பாலம் போடாவிட்டால் வீண் |

பள்ளியை இந்த அட்டவணையில் போடவில்லை, அது எப்படியும் நடக்கிறது. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியதிலிருந்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துச் சொல்லித்தருகிறோம். உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள் என்று வகுப்பு டீச்சரிடம் கேளுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தால் அது அவமானம் இல்லை, எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான தகவல் வேறு கிடைக்காது.

## சாக்லேட் கொடுக்கலாமா?

எந்த வழியை எடுத்தாலும் இந்தக் கேள்வி வரும். சில ஆண்டுகளுக்கு முன் நானே செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். வாய்ப்பாடு ஒப்பித்தால் பென்சில் என்று அறிவித்தேன். முதல் வாரம் வகுப்பே முழங்கியது. மூன்றாம் வாரம் பென்சில் தீர்ந்தது. அதற்குமுன் தானாக வந்து "ஏழாம் வாய்ப்பாடு சொல்லட்டா டீச்சர்" என்று கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும்கூட, "என்ன குடுப்பீங்க?" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது.

1973இல் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் அவருடன் இருவரும் செய்த ஆய்வு அப்புறம்தான் எனக்குத் தெரியவந்தது. படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. அதனால் பேரம் பேசாதீர்கள். முடித்த பிறகு எப்போதாவது கமர்கட்டு வாங்கிக்கொடுங்கள். பாராட்டும்போது "கெட்டிக்காரி" என்பதைவிட "பத்துப் பத்தா சேர்த்து எண்ணினியே, அது நல்லா இருந்துச்சு" என்று செய்ததைச் சொல்லுங்கள். கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள், அந்தப் பெயர் போய்விடும் என்று கடினமான கணக்கைத் தொடப் பயப்படுகிறாள்.

## நான் சொல்லும் வரிசை

கொட்டைச் சோதனையில் தவறினால் எங்கும் சேர்க்காமல் ஆறு வாரம் பல்லாங்குழியும் சந்தையும். ஆளில்லாத வீடென்றால் இல்லம் தேடிக் கல்வி, அது இல்லையென்றால் சின்ன டியூஷன், அங்கேயும் ஒரு பை புளியங்கொட்டையைக் கொடுத்தனுப்புங்கள், அந்த அக்காவிடம் நான் பேசுகிறேன். பயம்தான் பிரச்சினை என்றால் வீட்டுப்பாடத்துக்குத் திட்டுவதை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். பிள்ளைக்கு எல்லாம் புரிகிறது, அவளே ஆசைப்பட்டுக் கேட்கிறாள், வீட்டில் காசுக்கு முடை இல்லை என்றால் அபாகஸ் சேருங்கள், சந்தோஷமாகச் சேருங்கள்.

ஆறு வாரம் முடிந்ததும் அதே பதினாறு கொட்டையைத் திரும்பக் கொட்டி, அதே 1ஐத் தொட்டுக் கேளுங்கள். பத்துக் கொட்டையைச் சேர்த்து அள்ளி வைத்தால் போகிற வழி சரி. இன்னும் ஒரு கொட்டைதான் வருகிறது என்றால், அடுத்த மாதக் கட்டணம் கட்டும் முன் என்னையோ உங்கள் வகுப்பு டீச்சரையோ வந்து பாருங்கள். நாலு மணிக்கு மேல் கேட் ஓரமாக நிற்க வேண்டாம், உள்ளே வந்து உட்காருங்கள்.